பள்ளிக்கூடத்துப் பண்டிகையும் நம் பிள்ளையும்

கடலூரிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடி என்றோர் ஊர். முந்திரித் தோப்புகளும் கடலைக் கொல்லைகளும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திற்கு ஒப்பந்த வேலைக்குச் செல்லும் ஒருவரின் மனைவி கேட்ட கேள்விதான் இம்மாதப் பாடத்திற்குக் காரணமாக அமைந்தது.

அவருடைய மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முந்தின நாள், பிள்ளைகளின் புத்தகங்களையெல்லாம் ஒரு படத்தின் முன்னால் அடுக்கிச் சந்தனம், குங்குமம் இட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கைகூப்பிக் கும்பிட்டுச் சென்றார்கள். தன் முறை வந்தபோது இந்தச் சிறுமி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "ஏம்மா, நீ மட்டும் வரலியா?" என்று டீச்சர் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சுண்டல் கொடுக்கும்போது, பக்கத்திலிருந்த பிள்ளை, "அவளுக்கு வேணாம் டீச்சர், அவ சாமி கும்பிடல" என்று சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாளாம்: "அம்மா, நான் கெட்ட பிள்ளையா?"

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! அந்தத் தாய் நம்மிடம் கேட்பது இரண்டு கேள்விகள். அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில், சில பிள்ளைகள் ஒதுங்கி நிற்கும்படியான பண்டிகையைக் கொண்டாடுவது முறைதானா என்பது ஒன்று. அப்படிக் கொண்டாடும்போது நம் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்று நாட்டு நீதியைப் பற்றியது. மற்றொன்று நம் மார்க்கத்தைப் பற்றியது. இரண்டையும் கோபமின்றி, நிதானமாக ஆராய்வோம்.

மூன்றையும் பிரித்து அறிவோம்

பண்டிகை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று காரியங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் வீட்டிலும் பள்ளியிலும் மனத்தாங்கல் உண்டாகிறது.

முதலாவது, அறிந்து கொள்வது. பொங்கல் ஏன் கொண்டாடப்படுகிறது, கிறிஸ்தவர்கள் டிசம்பர் 25-இல் எதை நினைவு கூருகிறார்கள், வடலூரில் தைப்பூசத்தன்று ஜோதி காண ஏன் மக்கள் கூடுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு பிள்ளை பாடமாகப் படிப்பதில் தவறில்லை. அண்டை வீட்டாரை அறியாதவன் அண்டை வீட்டாருக்குரிய கடமையை எப்படி நிறைவேற்றுவான்?

இரண்டாவது, மகிழ்ச்சியில் பங்கு கொள்வது. நண்பனின் வீட்டில் நல்லது நடந்தால் முகமலர்ந்து வாழ்த்துவது, விளையாட்டுப் போட்டியில் ஓடுவது, ஒன்றாக அமர்ந்து உண்பது போன்றவை. இவற்றுக்கு மார்க்கம் கதவடைக்கவில்லை. நம்மோடு மார்க்கத்தின் பெயரால் போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும், அவர்களிடம் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது 60-ஆவது அத்தியாயமான மும்தஹினாவின் 8-ஆவது வசனத்தின் கருத்தாகும்.

மூன்றாவது, வணக்கம். கைகூப்பிக் கும்பிடுவது, ஆரத்தி எடுப்பது, படையல் வைப்பது, சிலுவையின் முன் மண்டியிடுவது ஆகியவை அந்தந்தச் சமயத்தாரின் இபாதத். அவர்கள் அதை உண்மையான பக்தியோடு செய்கிறார்கள். நாமோ அல்லாஹ் ஒருவனுக்கே வணக்கம் என்று உறுதி கூறியவர்கள். எனவே இந்த மூன்றாவது காரியத்தில் முஸ்லிம் பிள்ளை கலந்து கொள்ள இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடக் கண்டார்கள். அவற்றைவிடச் சிறந்த இரு நாட்களை, ஈதுல் ஃபித்ரையும் ஈதுல் அள்ஹாவையும், அல்லாஹ் தந்துள்ளான் என்று அறிவித்தார்கள். இது அபூதாவூதில் காணப்படும் செய்தி. நமக்கென்று பெருநாள் உண்டு. பிறருக்கென்று பெருநாள் உண்டு.

தைப் பொங்கலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது தமிழர் திருநாள், உழவர் திருநாள். அதில் என்ன தவறு என்பது கேள்வி. பள்ளியில் உறியடி, கோலப்போட்டி, கயிறு இழுத்தல் நடக்கிறது, கரும்பு கொடுக்கிறார்கள், உழவரைப் போற்றிப் பேசுகிறார்கள். இவையெல்லாம் முன் சொன்ன முதலிரண்டு வகையைச் சேர்ந்தவை. பானையைச் சூரியனுக்குப் படைத்துக் கும்பிடும் கட்டம் வரும்போது அது மூன்றாம் வகையாகி விடுகிறது. நெல்லை விளைவித்தவனுக்கு நன்றி சொல்வதில் நாமும் பின்தங்கியவர்கள் அல்லர். அந்த நன்றியைச் சூரியனைப் படைத்தவனுக்குச் சொல்கிறோம். அதுதான் வேறுபாடு.

நஜ்ஜாஷி மன்னரின் அவையில்

அந்தச் சிறுமி தனியாக நின்றாள் என்றோம். அவளுக்கு முன்னால் தனியாக நின்றவர்கள் உண்டு.

நபித்துவத்தின் 5-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 615 வாக்கில், மக்காவின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்களில் சிலர் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி ஆண்ட நாடு அது. அகதிகளைத் திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் தூதுவர்களை அனுப்பினார்கள். மன்னரின் அவைக்கு முஸ்லிம்கள் அழைக்கப்பட்டபோது, அவையோர் எல்லோரும் செய்வது போல் அவர்கள் மன்னருக்கு ஸுஜூது செய்யவில்லை. ஸலாம் மட்டும் கூறினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வைத் தவிர வேறு எவருக்கும் நாங்கள் சிரம் பணிவதில்லை என்று ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் பணிவோடு விளக்கியதாக ஓர் அறிவிப்பில் காணப்படுகிறது.

இதில் மூன்று படிப்பினைகள் உள்ளன. ஜஃபர் (ரலி) அவர்கள் பணிய மறுத்தார்கள், ஆனால் அவமதிக்கவில்லை. உயிருக்கு அடைக்கலம் தேடி வந்த இடத்திலும் கொள்கையை ஒளித்து வைக்கவில்லை. மன்னரோ தம் அவையின் வழக்கத்தை அவர்கள் மேல் திணிக்காமல் காரணத்தைக் கேட்டார். கேட்டபின் அவர்களைப் பாதுகாத்தார். வந்தவர்களின் கண்ணியமும் ஆண்டவரின் நீதியும் ஒன்று சேர்ந்த அவை அது. நம் பள்ளிக்கூட வகுப்பறையும் அப்படி இருந்தால் போதும். அதற்கு மேல் நமக்கு எதுவும் தேவையில்லை.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் அரசியல் சட்டம் இந்த நீதியை எழுத்திலேயே வைத்திருக்கிறது. அதன் 25-ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. 28-ஆவது பிரிவின் முதல் பகுதி, முழுக்க முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்விக்கூடத்தில் மதபோதனை கூடாது என்கிறது. அதே பிரிவின் மூன்றாம் பகுதி, அரசின் அங்கீகாரமோ உதவித் தொகையோ பெறும் கல்விக்கூடத்தில் படிக்கும் எவரையும், அவருடைய சம்மதமின்றி, அங்கு நடக்கும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்து கொள்ளச் செய்யக் கூடாது என்கிறது. படிப்பவர் சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இந்த மூன்றாம் பகுதியை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

மதங்களைப் பற்றி அறிவாகப் படிப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை என்று 2002-ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நாம் மேலே பிரித்துக் காட்டிய அறிதல், வணங்குதல் என்ற வேறுபாடு சட்டத்திலும் இருப்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு வழக்கையும் அறிந்திருக்க வேண்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். தங்கள் மத நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை என்றார்கள். 1985 ஜூலையில் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 1986 ஆகஸ்ட் 11-ஆம் நாள், பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களும் நீதிபதி தத் அவர்களும் அப்பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக் கொள்ள உத்தரவிட்டார்கள். எழுந்து நின்றதே மரியாதைதான். பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

தேசிய கீதம் பாடுவதில் நமக்கு மனத்தடை இல்லை, நாம் பாடுகிறோம். ஆனாலும் இத்தீர்ப்பு நமக்கும் உரியதே. பெரும்பான்மைக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு காரியம் ஒரு சிறு பிள்ளையின் மனச்சாட்சிக்குப் பாரமாக இருக்கலாம். அந்தப் பாரத்தை மதிக்க வேண்டும் என்று அது கற்பிக்கிறது.

ஆயுத பூஜையைப் பற்றித் தமிழ்நாட்டில் நீண்ட விவாதமே உண்டு. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-இல், அரசு அலுவலகங்களில் கடவுளர் படங்கள் வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது. பிற்பாடு 2011-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அலுவலகத்தில் தனிப்பட்டவர்கள் தங்கள் கருவிக்கும் ஏட்டுக்கும் மரியாதை செய்வது மதச்சார்பின்மைக்கு மாறானதல்ல என்று கருதியது. நெய்வேலியில் இயந்திரத்தோடு வாழும் தொழிலாளிக்கு அந்நாள் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியாததல்ல. இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு அமானிதமாகப் பேணுவதில் முஸ்லிம் தொழிலாளியும் முன்னால் நிற்கலாம். ஆனால் அலுவலகத்தில் வேலை செய்பவர் வளர்ந்தவர். "நான் வெளியே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். ஒன்பது வயதுப் பிள்ளையால் அது முடியுமா? டீச்சர் கண் பார்க்கிறது. நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள். வற்புறுத்தல் என்பது பிரம்பால் மட்டும் வருவதில்லை, பார்வையாலும் வரும்.

விடுமுறை வேறு, விழா வேறு

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பண்டிகைக்கு விடுமுறை விடுவதை நாம் குறை கூறவில்லை. தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலில் பொங்கலும் தீபாவளியும் இருக்கின்றன; ரமலானும் பக்ரீதும் முஹர்ரமும் மீலாதும் இருக்கின்றன; புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் மகாவீரர் ஜெயந்தியும் இருக்கின்றன. 2021 முதல் தைப்பூசமும் சேர்ந்துள்ளது. பள்ளியை மூடிவிட்டால் அவரவர் பண்டிகையை அவரவர் வீட்டில், அவரவர் ஆலயத்தில் கொண்டாடுவார்கள்; எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பள்ளியைத் திறந்து வைத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு சமயத்தின் வணக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பிற நாடுகள் இதைப் பலவிதமாகத் தீர்த்துக் கொண்டுள்ளன. அமெரிக்காவில், அரசு இயற்றிய பிரார்த்தனையைப் பொதுப்பள்ளிகளில் ஓதுவது கூடாது என்று 1962-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிரார்த்தனையில் எந்த மதத்தின் பெயரும் இருக்கவில்லை. சேராமல் விலகி நிற்கவும் அனுமதி இருந்தது. அப்படியிருந்தும் கூடாது என்றார்கள். அதே நாட்டில் நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகள் 2015-இல் நம் இரு பெருநாட்களையும் விடுமுறைப் பட்டியலில் சேர்த்தன. விடுமுறைக்கு இடமுண்டு, பள்ளி நடத்தும் வணக்கத்திற்கு இடமில்லை என்பது அங்குள்ள நிலை.

இலங்கையில் வேறு வழி. அங்கே அரசுப் பள்ளிகளிலேயே முஸ்லிம் பாடசாலைகள் என்று ஒரு வகை உண்டு. ரமலானையொட்டி அவற்றுக்குத் தனி விடுமுறை விடப்படுகிறது. பிள்ளைக்கு அதன் சமயமே பாடமாகவும் போதிக்கப்படுகிறது. இதில் நிம்மதி உண்டு; இழப்பும் உண்டு. முஸ்லிம் பிள்ளையும் பிற பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமரும் வாய்ப்புக் குறைந்து போகிறது. நம் நாட்டில் ஒரே பெஞ்சு இருக்கிறது. அதை இழக்க நாம் விரும்பவில்லை. அந்தப் பெஞ்சிலிருந்து எந்தப் பிள்ளையையும் எழுப்பி ஓரமாக நிறுத்தாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

"பண்டிகையே வேண்டாம் என்றால் பள்ளிக்கூடம் சப்பென்று ஆகிவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். ஆகாது. ஆகஸ்ட் 15 இருக்கிறது, ஜனவரி 26 இருக்கிறது. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம், ஆண்டு விழா, விளையாட்டு விழா இருக்கின்றன. ஜூலை 15, காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1956-இல் அவர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட காட்சியைவிடப் பெரிய பண்டிகை எது? வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் வருவோருக்கு மதம் கேட்காமல் உணவு படைக்கிறார்கள். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடம் இது. கேட்காமல் சேர்த்துக் கொள்வதே பொதுவானதன் இலக்கணம்.

தராசு நம் பக்கமும் நேராக நிற்கட்டும்

நமக்கு வேண்டிய நீதியைக் கேட்டோம். அதே நீதியைப் பிறருக்கு நாம் தருகிறோமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து வழுகச் செய்ய வேண்டாம் என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது.

நம்மவர் நடத்தும் பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். காலையில் துஆ ஓதும்போது அந்தப் பிள்ளைகளையும் கையேந்தச் சொல்கிறோமா? மீலாது விழாவில் அவர்களையும் பாட வைத்துப் பெருமைப்படுகிறோமா? 28-ஆவது பிரிவின் மூன்றாம் பகுதி நம் பள்ளிக்கும் உரியதே. அரசுப் பள்ளியில், "அவர்கள் பண்டிகை நடக்கிறதே, மீலாதையும் நடத்துங்கள்" என்று கேட்பதும் சரியான பரிகாரமாகாது. ஒரு பிள்ளைக்கு நேர்ந்த சங்கடத்திற்கு ஈடாக இன்னொரு பிள்ளைக்குச் சங்கடம் உண்டாக்குவது நீதியா? மேலும் மீலாது விழாவை எப்படிக் கொண்டாடுவது, கொண்டாடலாமா என்பதிலேயே நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறதே!

பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது நடந்ததாக வரலாற்றில் கூறப்படும் ஒரு சம்பவம் உண்டு. தொழுகை நேரம் வந்ததும், கிறிஸ்தவர்களின் பெரிய ஆலயத்திலேயே தொழுது கொள்ளும்படி அவர்களின் தலைமைக் குரு கலீபா உமர் (ரலி) அவர்களை அழைத்தார். உமர் (ரலி) அவர்கள் மறுத்து, வெளியே வந்து தொழுதார்கள். உமர் தொழுத இடம் என்று காரணம் காட்டிப் பின்னால் வரும் முஸ்லிம்கள் அந்த ஆலயத்தை எடுத்துக் கொண்டு விடக் கூடாதே என்று அஞ்சினார்கள். கையில் அதிகாரம் இருந்தபோது காட்டிய கட்டுப்பாடு அது. நாம் நிர்வகிக்கும் இடத்தில் நம்மிடம் அந்தக் கட்டுப்பாடு இருந்தால்தான், பிறர் நிர்வகிக்கும் இடத்தில் அதை எதிர்பார்க்க நமக்கு வாய் இருக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலில், பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். "கும்பிட்டால் நரகம்" என்று ஒன்பது வயதுப் பிள்ளையை மிரட்டுவது மார்க்கம் அல்ல. பருவமடையாத பிள்ளை மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி தரும் செய்தி. கூட்டத்தோடு சேர்ந்து ஒரு நாள் பிள்ளை கைகூப்பி விட்டாலும் அடிக்கக் கூடாது. அருகில் அமர்த்திப் புரிய வைக்க வேண்டும். கொடுமை தாங்காமல் அம்மார் (ரலி) அவர்கள் வாயால் ஒரு சொல் சொல்ல நேர்ந்தபோதுகூட, அவர்களின் உள்ளம் ஈமானில் உறுதியாக இருந்ததையே அல்லாஹ் கணக்கில் கொண்டான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 106-ஆவது வசனத்திற்கு முஃபஸ்ஸிர்கள் தரும் விளக்கம் இது.

இரண்டாவது, பிறர் வணங்குவதைப் பழிக்கக் கற்றுக் கொடுக்காதீர்கள். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆவது வசனம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. "நாங்க அல்லாஹ்வை மட்டும்தான் வணங்குவோம் டீச்சர்" என்று சொல்லப் பழக்குங்கள். அது போதும். "உங்க சாமி" என்று தொடங்கும் பேச்சு பிள்ளையின் வாயில் வரவே கூடாது. அதற்கு அது முதலில் நம் வாயில் வராமலிருக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக்கு முன்கூட்டியே சென்று பேசுங்கள். பண்டிகை முடிந்தபின் பத்துப் பேரைக் கூட்டிக் கொண்டு போய்ச் சண்டையிடுவதைவிட, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அத்தாவும் அம்மாவும் போய்த் தலைமையாசிரியரைப் பார்ப்பது மேல். "எங்கள் பிள்ளை எல்லா விழாவுக்கும் வருவாள், எல்லா வேலையும் செய்வாள், வழிபாட்டு நேரத்தில் மட்டும் அவளை அழைக்க வேண்டாம், அதற்காக அவளைத் தனியாக நிறுத்தவும் வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நல்ல மனத்தோடுதான் இருக்கிறார்கள். பல இடங்களில் அவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

நான்காவது, உணவு விஷயத்தில் நிதானம் வேண்டும். படைக்கப்பட்ட பிரசாதத்தைத் தவிர்க்கும்படி நம் உலமாக்கள் கூறுவார்கள். ஆனால் பிறந்த நாள் மிட்டாயும், தோழி வீட்டில் சுட்ட முறுக்கும் பிரசாதமல்ல. எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தால் நட்பு முறியும். வேண்டாம் என்றாலும் "நன்றி" என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு மறுக்கப் பழக்குங்கள்.

ஐந்தாவது, நம் பெருநாளைப் பிள்ளையின் மனத்தில் நிரப்புங்கள். தன் வீட்டில் பெருநாளின் இன்பத்தைக் காணாத பிள்ளைதான் பிறர் பண்டிகையை ஏக்கத்தோடு பார்க்கும். புத்தாடை, பெருநாள் தொழுகை, ஸதகா கொடுக்கும் கை, தோழிகள் வீட்டுக்கு அனுப்பும் பலகாரத் தூக்கு இவையெல்லாம் பிள்ளைக்கு உரிமையாகட்டும்.

அந்தச் சிறுமிக்குப் பதில்

குள்ளஞ்சாவடிச் சகோதரியே! உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: நீ கெட்ட பிள்ளை அல்ல. ஜஃபர் (ரலி) அவர்கள் ஒரு மன்னரின் முன்னால் நின்றார்களே, அப்படி நீ நின்றாய். கும்பிட்ட உன் தோழிகளும் கெட்ட பிள்ளைகள் அல்லர்; அவர்கள் தங்கள் வீட்டில் கற்றதைச் செய்தார்கள். சுண்டல் வேண்டாம் என்று சொன்ன பிள்ளைமீது மனம் வைக்காதே. பெருநாளன்று முதல் தட்டை அவள் வீட்டுக்குக் கொண்டு போ.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் மகிழ்ந்தார்கள் என்பது மெய்தான். ஒரு விழா நல்ல விழாதானா என்று அறிய, அந்த நாற்பது முகங்களைப் பார்த்தால் போதாது. ஓரத்தில் நின்ற ஒரு முகத்தையும் பாருங்கள். அந்த முகம் இன்று முஸ்லிம் பிள்ளையுடையதாக இருக்கலாம். நாளை ஒரு கிறிஸ்தவப் பிள்ளையுடையதாகவோ, சாமி கும்பிடாத பகுத்தறிவாளர் வீட்டுப் பிள்ளையுடையதாகவோ, விழாக் காசு கொண்டு வர முடியாத ஏழைப் பிள்ளையுடையதாகவோ இருக்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை ஈமானில் உறுதியும் நாவில் இனிமையும் உள்ளவர்களாக வளர்ப்பானாக! நாம் கேட்கும் நீதியை நாமே முதலில் கடைப்பிடிக்க நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.